சின்ன இண்டிகேட்டரும் சூலூர் சம்பந்தமும்

போன மாதம் எங்கள் சர்வீஸ் சென்டர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஷோரூமில் புதிதாக இறங்கிய பைக் ஒன்றின் பின்பக்கம். இரண்டு பக்கமும் பச்சை மிளகாய் அளவில் இண்டிகேட்டர், சீட்டுக்கு அடியில் இருக்கிற இடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே, இப்போது அங்கே எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற சதீஷ் எழுதியிருந்தான்: "அக்கா, உங்க வேலையக் கம்பெனிக்காரனே செஞ்சு அனுப்பிச்சுபோட்டானுங்க." ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மறுநாளே, ஆண்டு விழா மலருக்கு அந்தக் காலத்தில் பின் இண்டிகேட்டர் மாற்றிய கதையை எழுதித் தரச் சொல்லி நச்சரிப்பு ஆரம்பித்துவிட்டது. அவர்கள் அந்தக் காலம் என்று சொன்னது ஏழெட்டு வருடத்துக்கு முந்திய காலத்தை. ரிட்டயர் ஆகிவிட்டால் நேற்றுச் செய்த வேலையும் சரித்திரம் ஆகிவிடுகிறது. போகட்டும், சரித்திரமாகவே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் இருக்கும் அந்த டூவீலர் சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக்கல் பெஞ்ச் என்னுடையதாக இருந்தது. அதற்கு முன் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் காயில் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள்தான். தலைமுடி கனத்துக் கம்பியைத் திருகிப் பற்றவைத்துப் பழகிய கைக்கு பைக் ஒயரிங் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சர்வீஸ் சென்டரில் சேர்ந்த புதிதில் வண்டி விட வந்தவர்கள் என்னைப் பார்த்து, "எலக்ட்ரீசியன் எங்கீங்க?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால், சும்மா சொல்கிறேன் என்று நினைத்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு வருடத்தில் அதுவும் நின்றது. பிறகு எல்லாருக்கும் நான் அக்கா.

எனக்கு மேலே இருந்தவர் ஒர்க்‌ஷாப் மேனேஜர் தங்கவேல் சார். அவர் கோபப்பட்டுக் கத்தி யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எல்லாரும்தான் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறோம். சார் மட்டும் கோபம் ஏற ஏற அதிகமாகப் போடுவார். "இந்த போல்ட்ட யாருங்க முறுக்குனீங்க?" என்றால் சாதாரண விசாரணை. "ஏனுங்க, இந்த போல்ட்டுங்க, இதை முறுக்குனவருங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களாங்க?" என்று இழுத்தால் முறுக்கியவன் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவான்.

அந்தச் சமயத்தில்தான் பின்பக்கத்தைக் க்ளீன் செய்கிற மோகம் பையன்களிடம் கிளம்பியது. அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. பைக்கை எவ்வளவோ அழகாகச் செய்துவிட்டு, பின்னால் மட்டும் முழ நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மட்கார்டைத் தொங்கவிட்டு, அதன் இரண்டு பக்கமும் நீட்டிய குச்சியில் பணியாரம் குத்தின மாதிரி இண்டிகேட்டரை மாட்டி அனுப்பினால் யாருக்குத்தான் கை பரபரக்காது? அந்த நீள மட்கார்டை எடுத்துவிட்டு, நம்பர் பிளேட்டைச் சின்னத் தகட்டில் மேலே ஏற்றி, சுண்டுவிரல் அகலத்தில் எல்.இ.டி. இண்டிகேட்டரைச் சீட்டுக்கு அடியில் பொருத்தினால், வண்டி முடி வெட்டிக் குளித்துவிட்டு வந்தது போல ஆகிவிடும். இண்டிகேட்டரே வேண்டாம், கழற்றி எறியுங்கள் என்று வருகிறவர்களைச் சார் வாசலிலேயே வணக்கம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலையை மேலோட்டமாகப் பார்த்தால் அரை மணி நேரச் சமாசாரம். அங்கேதான் பலபேர் சறுக்கினார்கள். பழைய பல்பு இழுக்கிற கரண்டில் கால்வாசிகூட எல்.இ.டி. இழுக்காது. கரண்டு குறைந்தால், பல்பு ஒன்று போய்விட்டது என்று, விளக்கை விட்டு விட்டு எரியவைக்கிற பிளாஷர் நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரி படபடவென்று அடிக்கும். அதற்குத் தோதான பிளாஷரை மாற்ற வேண்டும். ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குப் பச்சை பிடிக்கும். பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, சூடான காற்று அடிக்கிற கன்னால் அதைச் சுருக்கி இறுக்க வேண்டும். தகட்டில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால் விளிம்பே ஒயரை அறுத்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு சார் இரண்டு பரீட்சை வைப்பார். முதலாவது, எங்கள் மெக்கானிக்குகளில் கனமான இரண்டு பேரை சீட்டில் உட்காரவைத்துக் குலுங்கச் சொல்வார். டயர் மேலே ஏறி வரும்போது தகட்டிலோ ஒயரிலோ உரசினால் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாவது பரீட்சைக்கு வண்டியின் பக்கத்திலேயே வரமாட்டார். உச்சி வெயிலில் வண்டியின் பின்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கும் பேக்கரிக்குப் போய் ஒரு டீ சொல்வார். டீயைக் குடித்தபடியே பார்ப்பார். நாங்கள் இங்கிருந்து இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இடையில் பஸ் போகும், லாரி போகும். டீ முடிவதற்குள் எது எரிந்தது என்று அவரால் தப்பில்லாமல் சொல்ல முடிந்தால் வண்டி பாஸ்.

"பக்கத்துல நின்னு பாக்கறவனுக்கு அது அழகுங்க அம்மணி. பின்னாடி வர்றவனுக்கு அது சேதி," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் சொன்னதிலேயே நீளமான தத்துவம் அதுதான்.

இந்த இரண்டு பரீட்சையும் பாஸான வண்டி ஒன்றுதான் எங்களை ஒரு கல்யாணப் பேச்சுக்குள் இழுத்துவிட்டது.

பிரதீப் பக்கத்துப் பம்ப் கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்த பையன். பையன் என்கிறேனே தவிர வயது முப்பத்திரண்டு. எங்கள் பக்கம் முப்பது தாண்டிய ஆண்பிள்ளைக்குப் பெண் அமைவது எவ்வளவு பாடு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜாதகம் பொருந்தினால் வேலை பொருந்தாது, வேலை பொருந்தினால் தோட்டம் போதாது. இவனுக்கு அப்பா இல்லை. அம்மா பாப்பாத்தியம்மா ஏறாத கோயில் இல்லை. பார்க்காத புரோக்கர் இல்லை. அந்தக் கவலையெல்லாம் அம்மாவிடம் விட்டுவிட்டு இவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கறுப்பு வண்டி. அதில் ஒரு விரல் ரேகை விழுந்தால் இவன் முகம் வாடிவிடும்.

அவன் வந்து பின்பக்கத்தைக் க்ளீன் செய்யச் சொன்னான். இண்டிகேட்டருக்கும் கறுப்பு மூடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். அந்த மூடி போட்டால் பகலில் ஒன்றும் தெரியாது என்று சார் கண்டிப்பாக மறுத்துவிட்டார். கடைசியில் ஆரஞ்சு மூடி போட்ட மெல்லிசான இண்டிகேட்டருக்குச் சம்மதித்தான். நான் செய்த வேலைகளில் அது ஒன்று எனக்கே திருப்தியாக வந்தது. பின்னால் ஒரு ஒயர் கண்ணில் படாது. சார் டீயில் பாதி குடிப்பதற்குள் பாஸ் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குச் சூலூர்ப் பக்கம் பெண் பார்க்கிற ஏற்பாடு. பெண் பெயர் கோகிலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. அப்பா சென்னியப்பன் சொந்தமாக ஒரு லாரி வைத்து, டிரைவர் போடாமல் தானே ஓட்டுகிறவர். தறிக் குடோன்களிலிருந்து பேல் என்கிற பெரிய துணி மூட்டைகளை ஏற்றுவார். இரண்டு பேருக்கும் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. போனிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகமும் சரி. இனி பெரியவர்கள் நேரில் பார்த்துக் காபி குடித்துவிட்டால் முடிந்தது என்கிற நிலைமை.

திங்கட்கிழமை காலையில் ஷட்டர் ஏற்றும்போதே பிரதீப் வாசலில் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நீங்க போட்ட லைட்டு எரியலீங்க. எம்பட கல்யாணமே நின்னுபோச்சுங்க," என்றான்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. காரில் அம்மாவும் மாமன் குடும்பமும் புரோக்கரும் நிறைந்துவிட, இவன் பைக்கில் போயிருக்கிறான். சூலூர் நெருங்கியதும் இனிப்பு வாங்குவதற்காக வலது கைப்பக்கம் இருந்த ஒரு பேக்கரிக்குத் திரும்பியிருக்கிறான். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாகத்தான் திரும்பினேன் என்று சத்தியம் செய்தான். பின்னால் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. மேலே கட்டியிருந்த பேல் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இவனைப் பார்த்தார். இவனும் பயத்தில் கும்பிட்டுவிட்டுப் பேக்கரிக்குள் போய்விட்டான்.

அரை மணி நேரம் கழித்துப் பெண் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து மிக்சர் தட்டை வாங்கும்போது வாசலில் அதே லாரி வந்து நின்றிருக்கிறது.

எங்கள் ஊர் மரியாதை பொல்லாதது. சென்னியப்பன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாங்க, வாங்க என்றார். இன்னும் இரண்டு பணியாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். கார் வரைக்கும் வந்து வழியனுப்பினார். இவர்கள் சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று சந்தோஷமாக ஊர் திரும்பியிருக்கிறார்கள். சாயங்காலம் புரோக்கருக்குச் சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது. 'திரும்பும்போது பின்னால் வருகிறவனுக்குச் சொல்லத் தெரியாத பையனுக்குப் பெண் கொடுக்க முடியாது' என்று சொல்லிவிட்டார். அவன் இண்டிகேட்டர் போட்டதாகச் சொல்கிறானே என்று புரோக்கர் கேட்டதற்கு, 'அப்படியானால் பொய்யும் சொல்கிறான்' என்று போனை வைத்துவிட்டார்.

பிரதீப்புக்கு மறுத்ததைவிடப் பொய்யன் என்று சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது. கோகிலாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. நீங்க போட்டீங்கன்னு நான் நம்பறேன், அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை என்று. அதைப் படித்துக் காட்டும்போது அவன் குரல் உடைந்துவிட்டது.  ஒரு பக்கம் அவன் பாவம், இன்னொரு பக்கம் அது என் பெஞ்சில் செய்த வேலை.

வண்டியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஏற்றினோம். ஸ்விட்ச் சரி. பிளாஷர் சரி. எர்த் சரி. ஒயரை ஒவ்வொரு இடமாக ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், விட்டு விட்டு எரிகிறதா என்று. ஹேண்டில்பாரைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் அடித்துப் பார்த்தேன். கனமான இரண்டு பேரும் வந்து மறுபடியும் குலுங்கினார்கள். என்ன செய்தாலும் இரண்டு பக்கமும் ஜோராக எரிந்தது. மத்தியானம் சார் ரோட்டைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வந்து, இப்போதும் பாஸ்தான் என்றார். எரியாத விளக்கைச் சரி செய்துவிடலாம். எரிகிற விளக்கில் என்ன கோளாறு என்று தேடுவது? எனக்குத் தலையே வலித்தது.

சார் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பிரதீப்புக்கு எதிரே உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்து என்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல் என்றார். எழுந்தான், குளித்தான், அம்மா சாமி கும்பிட்டார்கள், காருக்கும் வண்டிக்கும் சூடம் காட்டினார்கள், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்பினான். திரும்பி வந்த பிறகு? வந்தான், புரோக்கர் சொன்னதைக் கேட்டான், மனசு கேட்காமல் இருட்டும் வரை வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். இதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் பிடிபடவில்லை.

உள்ளே தண்ணீர் கோத்திருக்குமோ என்று கடைசிச் சந்தேகமாக வலது பக்க இண்டிகேட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. ஆனால் மூடியும் ரப்பரும் சேருகிற இடுக்கில் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு இருந்தது. மண்ணோ என்று நகத்தால் சுரண்டினேன். மண் இல்லை. மோந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டு கேஸ் அடுப்பு, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் நானே வைக்கிற வாசனை. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணு, அம்மா வண்டிக்குப் பொட்டு வெச்சாங்களா?"

"ஆமாங்க அக்கா. எப்பவும் வெப்பாங்க."

"எங்கெங்க?"

"எல்லா லைட்டுக்குமுங்க," என்றான். சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

எங்கள் பக்கம் வண்டிக்குப் பொட்டு வைப்பது பல் தேய்ப்பது மாதிரி. வைத்திருப்பதே கண்ணில் படாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பழைய பணியார இண்டிகேட்டரில் சந்தனப் பொட்டு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகும், சுற்றிலும் வெளிச்சம் வரும். சுண்டுவிரல் அகல விளக்கில் பெருவிரலால் வைத்தால்? அன்று இருட்டும் வரை கழுவித் துடைத்ததில் பொட்டு போய், இடுக்கில் அந்தக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சார் போனை வாங்கிப் பாப்பாத்தியம்மாவிடமே கேட்டார். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி, விளக்கு வேறு இத்துனூண்டாக இருந்தது, பொட்டு உதிர்ந்துவிடக் கூடாது என்று கெட்டியாகக் குழைத்து நன்றாக அழுத்தி வைத்தேன், மேலே குங்குமமும் வைத்தேன் என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். விஷயம் புரிந்ததும் போனிலேயே அழுதுவிட்டார். "நானே எம்பட பையன் பொழப்பக் கெடுத்துபோட்டனுங்களே" என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

சார் அத்தோடு விடவில்லை. கடையில் சந்தன வில்லை வாங்கிவரச் சொல்லி, என் கையாலேயே குழைத்து, பெருவிரலால் அழுத்திப் பொட்டு வைக்கச் சொன்னார். ஸ்லீவ் சுருக்குகிற கன்னால் அதைக் காயவைத்தேன். சார் மறுபடியும் பேக்கரிக்குப் போனார். நாங்கள் இடது போட்டோம், வலது போட்டோம், டீ முடிந்தது. திரும்பி வந்து, "ஒண்ணுமே தெரியலீங்க. ரெண்டு டீ வயித்துல குலுங்குதுங்க," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

கண்டுபிடித்தது சரி, அதை யார் போய்ச் சொல்வது? பெண் வீட்டில் வேண்டாம் என்று சொன்ன பிறகு மாப்பிள்ளை வீட்டார் விளக்கம் சொல்லிக்கொண்டு போவது எங்கள் ஊரில் இறங்கிப் போவதாகும். மாமன் வீட்டார் கூடாது என்றார்கள். பிரதீப்புக்கு இருப்பே கொள்ளவில்லை. பழைய இண்டிகேட்டரையே மாட்டிவிடுங்கள், அந்த வண்டியோடு நானே போய் நிற்கிறேன் என்றான். வண்டியின் அழகுக்காக மூடி நிறத்துக்கே சண்டை போட்டவன் இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான்.

சார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மாட்டலாமுங்க தம்பி. ஆனா மாட்டிட்டுப் போனா, அன்னைக்கு இருந்தது தெரியாத லைட்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. கல்யாணம் பேசறது எங்க வேலை இல்லீங்க. லைட்டு எங்க வேலை. எங்க வேலையப் பத்தி நாங்க போய்ச் சொல்லலாமுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் அவருடைய காரில் சூலூர் போனோம். பிரதீப் அதே வண்டியில், அதே இண்டிகேட்டரோடு, பொட்டு மட்டும் இல்லாமல், பின்னால் வந்தான். தெரு முனையிலேயே நில், கூப்பிட்டால் வா என்று சொல்லியிருந்தோம்.

சென்னியப்பன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தறிக் குடோன். தறி ஓடுகிற அந்தச் சத்தத்தில் வாழ்ந்து பழகியதாலோ என்னவோ மனுஷன் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். நாங்கள் யார் என்று சொன்னதும் காபியும் முறுக்கும் வந்துவிட்டது. காபி கொண்டுவந்த கோகிலா எங்களைப் பார்த்த பார்வையில் ஊரில் உள்ள சாமியெல்லாம் எங்கள் தோளில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. 

சார் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். சந்தனம் வந்த இடத்தில் சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டிலும் லாரிக்குப் பொட்டு வைப்பதுண்டு, ஆனால் தட்டு மாதிரி ஹெட்லைட்டில் எவ்வளவு வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். பையன் பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். நான் பெருமூச்சு விட்டேன். அதற்குள் அவர் முகம் மறுபடி கெட்டியானது.

"பொய் இல்லைங்கறது செரிங்க. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். சந்தனமே இல்லீன்னாலும் அந்த விரலாட்டம் லைட்டு லாரி மேல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியுமுங்களா? அழகுக்கோசரம் உசுர வெச்சு வெளையாடற பையன்னா எனக்கு வேண்டாமுங்க."

சர்வீஸ் சென்டருக்கு எதிரே இருக்கும் பேக்கரியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்று சார் சொல்லிப் பார்த்தார். பேக்கரி தரையில் இருக்கிறது, என் சீட் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது என்றார் அவர். அது நியாயமான பேச்சு.  அப்போது உள்ளே இருந்து கோகிலா, "அப்பா, நீங்களே லாரில போயிப் பாத்துருங்களேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.  அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சாருக்கு முழங்கால் வலி, லாரியில் ஏற முடியாது. விளக்கு மாட்டியவள் நான்தான் என்பதால் நான் ஏறினேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லாரி கேபினில் ஏறிய அழகை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே உட்கார்ந்த பிறகுதான் அந்த மனுஷன் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அங்கிருந்து பார்த்தால் பைக் எல்லாமே குனிந்து போகிற மாதிரி இருக்கிறது. மணி பன்னிரண்டு, வெயில் கண்ணைப் பறித்தது. முன்னால் பிரதீப் போனான். முதுகு விறைத்துப்போய், பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

திருச்சி ரோட்டில் ஏறி அன்றைக்கு அவன் திரும்பிய அதே பேக்கரிப் பக்கம் போனோம்.  வலது பக்கம் ஆரஞ்சு வெளிச்சம் பளிச், பளிச் என்று அடித்தது. சென்னியப்பன் வேகத்தைக் குறைத்தார். வேண்டுமென்றே இன்னும் பின்தங்கினார். அப்போதும் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் ஒருமுறை இடைவெளியை அதிகமாக்கி, நடுவில் ஒரு காரை விட்டுப் பார்த்தார். அப்போதும் தெரிந்தது. நான் மாட்டிய கோணத்தை நானே மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். 

ரோட்டிலிருந்து அவர்கள் ஊருக்கு இறங்குகிற தார்ச்சாலை இடது பக்கம் வரும். பிரதீப் நன்றாக முன்கூட்டியே இடது இண்டிகேட்டர் போட்டான், கண்ணாடி பார்த்தான், பதமாகத் திரும்பினான். நாங்களும் திரும்பினோம். பரீட்சை முடிந்தது, பாஸ் என்று நான் நினைத்த நேரத்தில்தான் கவனித்தேன். இண்டிகேட்டர் நிற்கவில்லை. பதற்றத்தில் அதை அணைக்க மறந்துவிட்டான். நேரான ரோட்டில் இடது, இடது, இடது என்று அடித்துக்கொண்டே போகிறது.  லாரிக்காரர்களுக்கு இண்டிகேட்டர் போடாதவனைவிட, போட்டுவிட்டு அணைக்காமல் போகிறவன் மேல்தான் ஆத்திரம் அதிகம். எப்போது திரும்புவானோ என்று பின்னாலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டு, கடைசியில் இப்படியா என்று இருந்தது.

சென்னியப்பனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறுக்க மாட்டாமல், ஒரு ஹாரன் அடித்தால் அணைத்துவிடுவான் என்று சொல்லி ஸ்டீயரிங் பக்கம் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்தார். அன்றைக்கு முழுவதும் கத்திப் பேசிய மனுஷன் அப்போதுதான் மெதுவாகப் பேசினார்.

"விடுங்க அம்மணி, எரியட்டும். நம்ம ஊடு இடது பக்கம்தானுங்க. மாப்பிள்ளை நேரா உள்ள வந்துரட்டும்."